வலது காலில் எழுகிற வீடு

கண்ணு, இந்தக் கடிதத்தில் பேச்சு என்னுடையது, கையெழுத்து உன் தங்கச்சியுடையது. நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன். அவள் எட்டாவது வரைக்கும் படித்ததை வீணாக்காமல் புத்தகத்தில் இருக்கிற மாதிரி மாற்றி எழுதிக்கொள்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் அம்மிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். முன் அறையில் உன் அப்பா நெய்துகொண்டிருக்கிறார். தறிச் சத்தம் கேட்கிற வரைக்கும்தான் நான் பேசுவேன். சத்தம் நின்றால் வாயை மூடிக்கொள்வேன், அவள் தாளை முறத்துக்கு அடியில் தள்ளிவிடுவாள். அதனால் இது விட்டு விட்டுத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படி. குமரேசன் நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் புறப்படுகிறான். வேலூர் போய், காட்பாடியில் ரயில் ஏறி உன்னிடம் வந்து சேருவான். இந்தக் கடிதம் அவன் கையில் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. "நீ நடந்துகினே சொன்னா பாதிதாம்மா காதுல உழுது" என்கிறாள் உன் தங்கச்சி. உட்காருகிறேன். ஒரு வரி சொல்வதற்குள் மறுபடி எழுந்துவிடுகிறேன்.

குமரேசன் தன் அக்கா கல்யாணத்துக்குப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன், முள்ளிப்பட்டிலிருந்து சைக்கிளில் நம் வீட்டுக்கு வந்தான். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தறியை விட்டு எழுந்து, தானே ஓடிப் போய் போண்டா வாங்கிவந்தார். துப்பாக்கி எத்தனை கனம், சோறு போடுகிறார்களா சப்பாத்தி போடுகிறார்களா, இந்தியில் பேசினால் உனக்குப் புரிகிறதா என்று அந்தப் பையனை மெல்லவும் விடாமல் கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கான் மாமா, நல்லா இருக்கான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுக்கு வந்தவன், செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான். "அத்தே, உங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னான்" என்று ஆரம்பித்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் நீயே திருத்திக்கொள். உன் வலது முட்டி வீங்கியிருக்கிறது. காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாய். ஓட்டத்தில் நீ கடைசியாக வந்ததும், உன்னோடு இருக்கிற பையன்கள் உன் மெலிந்த தொடையைப் பார்த்து "தறிக்கால்" என்று சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து சாயங்காலம் எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு, குளிக்கும் கொட்டகைக்குப் பின்னால் தனியாகப் போய் வெறி பிடித்தவன் மாதிரி பஸ்கி எடுக்கிறாய். உஸ்தாத் கொடுக்கிற பயிற்சி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இப்போது உட்கார்ந்தால் வலி, எழுந்தால் அதைவிட வலி. டாக்டரிடம் போனால் அடுத்த பேட்ச்சில் தள்ளிவிடுவார்கள், ரொம்ப மோசம் என்றால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாய். "மாமாவுக்குத் தெரியவே கூடாதாம் அத்தே. முட்டிக்குத் தேய்க்க எண்ணெ மட்டும் குடுத்தனுப்பச் சொன்னான்" என்று முடித்தான்.

எண்ணெய் காய்ச்சிவிட்டேன். நல்லெண்ணெயில் நொச்சி போட்டு, கற்பூரம் கரைத்து, பாட்டிலில் ஊற்றி மாடத்தில் வைத்திருக்கிறேன். காய்ச்சும்போது "இன்னா வாசனை?" என்று உன் அப்பா கேட்டார். எனக்குத்தான் முட்டி வலி என்று சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பாட்டிலைப் பார்க்கிறபோதெல்லாம் இதே யோசனைதான். இதை அனுப்பினால் நீ தேய்த்துக்கொண்டு மறைக்கத்தானே போகிறாய்? அனுப்பாவிட்டால் அம்மாகூடக் கைவிட்டுவிட்டாள் என்று நினைப்பாயோ? டாக்டரிடம் காட்டு என்று சொன்னால், சொன்ன பேச்சைக் கேட்டு நீ காட்டி, அவர்கள் உன்னைத் திருப்பி அனுப்பினால் உன் அப்பா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? நீ தேர்வான அன்று அவர் டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்த மனுஷன். பட்டு எடுக்க முதலாளி வீட்டுக்குப் போனால் அங்கே உன் பேச்சு, கோவிலுக்குப் போனால் அங்கே உன் பேச்சு. "எங்க வீட்ல ஒருத்தன் தறிக்குழியை விட்டு ஏறிட்டான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். நீ திரும்பி வந்தால் அந்த ஆட்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்வார்? அந்த நினைப்பில்தான் எனக்கு உட்கார முடியாமல் போகிறது.

நீ வீட்டில் முதன்முதலாக பஸ்கி எடுத்தபோது நான் எப்படிக் கத்தினேன் என்று உனக்கு நினைவிருக்கும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாய். அது சுலபமாகிப் போனதும், நெசவு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த உன் தங்கச்சியை இழுத்துத் தோளில் உட்காரவைத்துக்கொண்டாய். அவள் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தாள். நான் கரண்டியோடு ஓடிவந்தேன். "முட்டி தேஞ்சி போனா யார்றா தறி மிதியை மிதிப்பான்?" என்று கேட்டேன். "நான் மிதியே மிதிக்கப் போறது இல்லம்மா" என்றாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் தறி. மிதிகட்டை தேய்கிறது, மாற்றுகிறோம். இழைக்குள் ஓடுகிற நாடாவின் நுனி தேய்கிறது, மாற்றுகிறோம். ஓடுகிற சாமான் எல்லாம் தேயும், முட்டியும் அப்படித்தான் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். குமரேசன் சொன்னதும், பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேன் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷம் அழுகை வந்துவிட்டது.

நடுவில் தறி நின்றது. இழை அறுந்திருக்கும் போல. இப்போது ஓடுகிறது, சொல்கிறேன்.

மறுநாள் காலையில் உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக ஒரு டாக்டரம்மா இருக்கிறார், சின்ன வயசு. உன்னைப் பற்றிச் சொல்லப் பயம். ஆரணியில் ஒருத்தருக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் உன் அப்பா காதுக்குப் போய்விடும். அதனால் எனக்குத்தான் வலி என்றேன். எதனால் வந்தது என்று கேட்டார். எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "பஸ்கி எடுத்தேங்க" என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பொம்பளைகள் சிரித்த சிரிப்பு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தி, "அக்கா குஸ்திக்குப் பேர் குடுத்துக்கீது, வழி உடுங்க" என்றாள். உன் தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் முட்டியைத் தொட்டுப் பார்த்து, "இதுல வீக்கமே இல்லையேம்மா. யாருக்கு வீக்கம், சொல்லுங்க" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தக் குரலுக்கு உடைந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கே இருக்கிறாய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் தேய்மானக் கதையைச் சொன்னதும் அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "முட்டி கட்டை இல்லம்மா, உசுரோட இருக்கற உறுப்பு. உக்காந்து எழுந்தா மட்டும் நல்ல முட்டி தேஞ்சிடாது. தொடைச் சதை பலமா இருந்தா அதுதான் முட்டியத் தாங்கிப் புடிக்கும், அந்தச் சதையை வளக்கறதே பஸ்கிதான்" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. அப்புறம் ஏன் வீங்குகிறது என்றேன். சதை ஏறுவதற்குள் அவசரப்பட்டு நிறைய எடுத்தால் வீங்கும், கீழே போய்த் தொப்பென்று விழுந்து துள்ளி எழுந்தால் வீங்கும், களைத்த காலோடு எடுத்தால் வீங்கும், கோணலாக உட்கார்ந்தால் ஒரு முட்டி மட்டும் வீங்கும் என்றார். வீங்கின பிறகும் அதன்மேலேயே எடுத்துக்கொண்டிருந்தால் நாளாக நாளாக அது அடங்காது, உள்ளே வேறு ஏதாவது கெட்டிருந்தாலும் தெரியாமல் போய்விடும் என்றும் சொன்னார். "பாக்காம நான் முடிவா சொல்ல முடியாதும்மா. அங்கயே ஒரு டாக்டர் கையால தொட்டுப் பாக்கணும். சீக்கிரம் காட்டினா கொஞ்ச நாள் ஓய்வோட போற விஷயமா இருக்கலாம். மறைச்சா பெருசாயிடும்." எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டேன். "தேய்ங்க, இதமா இருக்கும். ஆனா வலி தெரியாம இருக்குன்னு மறுபடி போய் பஸ்கி எடுப்பான் இல்ல?" என்றார். உன்னைப் பார்க்காமலே உன்னைத் தெரிந்துவைத்திருக்கிறார்.

ஒரு முட்டி மட்டும் என்று அவர் சொன்னது என்னை விடவில்லை. இரண்டு காலாலும்தானே உட்கார்ந்து எழுந்தாய், ஏன் வலது மட்டும்? அன்று மத்தியானம் உன் அப்பா சேலை கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு உன் தங்கச்சியை, "எடுடி பஸ்கி, நான் பாக்கணும்" என்றேன். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுடி, உங்க அண்ணன்தானே படிக்கப் போகிறான். பாவாடையைச் சொருகிக்கொண்டு, பூனை மாதிரிச் சத்தம் போடாமல் உட்கார்ந்து எழுந்தாள். நான் தரையில் உட்கார்ந்து முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். அதற்குள் எதிர் வீட்டு ராஜம்மா உப்பு கேட்டுக்கொண்டு கதவைத் தள்ளிவிட்டாள். "இன்னாக்கா, வயசுப் பொண்ணுக்கு தண்டனையா? இன்னா பண்ணிச்சி?" என்று கேட்டாள். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் வேண்டியிருக்கிறாள் என்று சமாளித்தேன். "காதைப் புடிக்காம இன்னா தோப்புக்கரணம், பிள்ளையாரு கணக்குல எடுத்துக்க மாட்டாரு" என்று சொல்லி உப்பை வாங்கிக்கொண்டு போனாள். உன் தங்கச்சி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுபடி எடுக்கச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன். இறங்கும்போது நேராகத்தான் இறங்கினாள். எழும்போது இடுப்பு வலது பக்கம் சாய்ந்தது. வலது முட்டி உள்பக்கமாக மடங்கியது. நிறுத்தி, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். "வலிக்கலம்மா. வலது தொடை மட்டும் எரியுது. இடது காலு வேலையே செய்யல, சும்மா கூட வருது" என்றாள். அந்தச் சாய்வை நான் தினமும் பார்க்கிறேன் கண்ணு. காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற நம் தறிக்குழிக்கு இடது பக்கம் ஒட்டினாற்போல் சுவர். குழியிலிருந்து ஏற வேண்டுமானால் வலது கையைத் தரையில் ஊன்றி, வலது காலைத் தூக்கி மேலே வைத்து, அந்த ஒரு காலிலேயே முழு உடம்பையும் தூக்கித் திரும்ப வேண்டும். உன் அப்பா அப்படித்தான் ஏறுகிறார். அவர் வெளியே போனால் நெய்கிற உன் தங்கச்சி அப்படித்தான் ஏறுகிறாள். உன்னை முதலில் தறியில் உட்காரவைத்தபோது நீ இடது காலை எடுத்து, சுவரில் முட்டியை இடித்துக்கொண்டு அழுதாய். "வலது காலை மொதல்ல எடு, சொவுத்துப் பக்கம் போவாத" என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். எத்தனை வருஷம் அப்படி ஏறியிருப்பாய். பட்டாள மைதானத்தில் சுவர் ஏது? இருந்தும் உன் உடம்பு சுவருக்குப் பயந்து ஒதுங்கியே எழுந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இது என் மனப்பிராந்தியோ என்று நேற்றெல்லாம் தெருவில் வீடு வீடாக ஏதாவது சாக்குச் சொல்லிப் போய், தறியிலிருந்து எழுகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜம்மா வீட்டுத் தறிக்கு வலது பக்கம் சுவர். அவள் இடது காலில் ஏறுகிறாள். எந்த முட்டியடி உனக்கு வலிக்கும் என்று கேட்டேன். "இடதுதான். ஏங்க்கா, ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்துட்டியா? காலையில இருந்து எல்லார் காலையும் பாத்துகினு வரியாம்" என்றாள். நான் டாக்டர் இல்லை. நான் பார்த்ததை டாக்டரம்மாவிடம் சொல்ல மறுபடி போனேன், அவர் அன்று வரவில்லை. அதனால் இதை நீ உன் டாக்டரிடம் சொல்லு. சிறு வயதிலிருந்து தறிக்குழியில் வலது காலாலேயே ஏறி வந்தவன் என்று சொல்லு. அவருக்குத் தறி தெரியாது. நீதான் உட்கார்ந்து எழுந்து காட்ட வேண்டும்.

வீக்கம் வடிந்து, அவர் எடுக்கலாம் என்று சொன்ன பிறகு, பஸ்கியை விட்டுவிடாதே. விடச் சொல்லிக் கத்தினவள்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் கொட்டகைக்குப் பின்னால் தனியாகப் போய் எடுக்காதே. குமரேசனை எதிரில் நிற்கவைத்துக்கொள், நீ எந்தப் பக்கம் சாய்கிறாய் என்று அவன் சொல்லட்டும். கால் விரல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ முட்டியும் அந்தப் பக்கமே போகட்டும். மெதுவாக இறங்கு, பாதி தூரம் போதும். இரண்டு காலும் சமமாக வேலை செய்கிறதா என்று பார், இடது சும்மா கூட வந்தால் நிறுத்திவிடு. உன் தங்கச்சி நேற்று சாயங்காலத்திலிருந்து இப்படித்தான் எடுத்துப் பார்க்கிறாள். யாரும் சொல்லாமலே எடுக்கிறாள். எண்ணிக்கையை ஏற்றாதே என்று நான்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. சிரிக்கிற பையன்களுக்காக உன் முட்டியை உடைத்துக்கொள்ளாதே கண்ணு. உனக்கு வயசாகும்போது அவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் போ என்ற ஒரு வார்த்தையை மட்டும் கட்டளையாகச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. பாட்டிலை எடுத்துத் துணியில் சுற்றுகிறேன், மறுபடி அவிழ்த்து மாடத்தில் வைக்கிறேன். "அனுப்பறதா வேணாமா, இன்னா எழுதட்டும்?" என்று உன் தங்கச்சி கேட்கிறாள்.

இனிமேல் வருகிறதை நான் சொல்லச் சொல்ல அவள் அப்புறமாக எழுதினாள். அந்தப் பேச்சில் இருந்தபோது தறி எப்போது நின்றது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. உன் அப்பா சமையலறை வாசலில் நிற்கிறார். மீசையில் நூல் தூசி. தாளை முறத்துக்கு அடியில் தள்ளக்கூட நேரமில்லை.

"இன்னா, பட்டாளம் முழுக்கவும் சேத்து ஒரே கடுதாசியா எழுதறீங்களா?" என்றார். நான் எழுந்து தாளை மறைத்துக்கொண்டு நின்றேன். "அவன் முட்டிதானே?" என்றார்.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? நேத்துல இருந்து நான் குழியில ஏறும்போதெல்லாம் எதுத்தாப்புல நின்னுகினு என் காலையே பாக்கற. உள்ள வந்தா பொண்ணு உக்காந்து எழுந்துகினு இருக்கா. அந்தப் பையன் என் மூஞ்சியப் பாக்காமலே நல்லா இருக்கான் நல்லா இருக்கான்றான். உனக்கு முட்டி வலின்ற, எண்ணெ காச்சற, ஒரு நாள்கூடத் தேச்சிக்கல. எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சி?"

எழுதினதைப் படிக்கச் சொன்னார். உன் தங்கச்சி தலையை நிமிர்த்தாமல், வாய்க்குள்ளேயே படித்தாள். "சத்தமாப் படி, இன்னா திருடிகினா வந்துட்ட" என்றார். அவர் டீ வாங்கிக் கொடுத்த இடம் வந்தபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழியும் சுவரும் வந்த இடத்தை, "அத இன்னொரு தபா படி" என்று கேட்டு வாங்கினார். எல்லாம் முடிந்ததும் அவளிடம், "நான் சொல்றத மாத்தாம எழுது. காலு அவனுது. ஊருல பேசற பேச்சு என்னுது. அவன் காலைப் பாத்துக்கட்டும், பேச்சை நான் பாத்துக்கறேன்" என்றார். மாற்றாமல்தான் எழுதியிருக்கிறாள்.

ஆகையால் இப்போது என்னாலும் சொல்ல முடிகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற அன்றே டாக்டரிடம் போ. அடுத்த பேட்ச்சில் போட்டால் அடுத்த பேட்ச்சோடு பயிற்சி முடித்து வா. அனுப்பிவிட்டால், பகலில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை வழியாகவே நடந்து வீட்டுக்கு வா. டாக்டர் என்ன சொன்னார் என்பதை உன் அப்பா பேருக்கே எழுது, எனக்கு யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாதே.

எண்ணெய் அனுப்பவில்லை. கடிதத்தை மடிக்கப் போகும்போது முன் அறையில் ஒரு சத்தம் கேட்டு ஓடினோம். உன் அப்பா குழியில் இறங்கி, இடது காலில் ஏறிப் பார்த்திருக்கிறார். சுவரில் முழங்கையை நன்றாக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "இத எழுதித் தொலைக்காதீங்க" என்கிறார். உன் தங்கச்சி எழுதுகிறாள், நான் அந்தப் பாட்டிலைத் திறந்து அவர் கைக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.